சுடாத துப்பாக்கிகளின் சாட்சியம்

இன்னைக்குக் கதையை ஒரு மரத்துண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு என்று ஒரு ஊர். அங்கே வாட்ஸ்வொர்த் அத்தீனியம் என்ற கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவியங்களுக்குப் பேர்போன இடம். ஆனால் அவர்கள் சேகரிப்பில், கையால் செதுக்கிய சில மரத்துண்டுகளும் உண்டு. ஒரு ரிவால்வரின் சுழலும் பகுதிக்கான மாதிரி அது. அது சுடாது. சுடுவதற்காகச் செய்ததும் இல்லை. சாமுவேல் கோல்ட் என்ற பையன், 16 வயதில், கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே செதுக்கியதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கப்பலின் பெயர் கோர்வோ. வருடம் 1830. அது எங்கே போய்க்கொண்டிருந்தது தெரியுமா? நம்ம கல்கத்தாவுக்கு.

முதலிலேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் துப்பாக்கிப் பிரியன் இல்லை. காலேஜில் என்.சி.சி. முகாமில் ஒரே ஒரு தடவை ரைஃபிளைத் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பொருட்கள் எப்படி உருவாகின்றன என்பதில் எனக்குப் பைத்தியம் உண்டு. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான், துப்பாக்கி சேகரிப்பவர்களிலேயே ஒரு விசித்திரமான கூட்டம் இருப்பது தெரிந்தது. பளபளக்கும் துப்பாக்கியை இவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாதியில் நின்றுபோன ஃப்ரேம், முன்மாதிரி, சோதனைக்காகச் செய்து தூக்கிப்போட்ட உடல், இதற்குத்தான் அலைவார்கள். ஏன்?

ஃப்ரேம் என்றால் என்ன?

ரிவால்வருக்கு ஃப்ரேம்தான் எலும்புக்கூடு. குண்டுகள் இருக்கும் சிலிண்டர், முன்னால் பேரல், பின்னால் ஹாமர், கீழே ட்ரிகர், கைப்பிடி எல்லாம் வந்து மாட்டிக்கொள்வது இந்த உடலில்தான்.

19ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலையில் ஒரு ஃப்ரேம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து அடித்து முரட்டு உருவம் கொடுப்பார்கள். அப்புறம் மில்லிங் மெஷினில் ஓரங்களைச் செதுக்குவார்கள், துளை போடுவார்கள். பிறகு மனிதக் கை. அரத்தால் ராவி, பிசிறு எடுத்து, மற்ற பாகங்கள் சரியாக உட்காருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்வார்கள். வரிசை எண்ணைக் குத்துவார்கள். பாலிஷ் போடுவார்கள். கடைசியில் எலும்புக்கரிக்குள் வைத்துச் சூடேற்றித் தண்ணீரில் முக்கினால், மேல்தோல் இறுகி, நீலமும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் தடயத்தை அழிக்கிறது. மில்லிங் செய்தால் சம்மட்டி அடி போய்விடும். ராவினால் மில்லிங் கோடு போய்விடும். பாலிஷ் போட்டால் அரத்தின் தடமும் போய்விடும். மிச்சம் இருப்பது என்ன? மேலே பொறித்த முதலாளியின் பெயர்.

பாதியில் நின்ற ஃப்ரேமில் அதெல்லாம் அப்படியே இருக்கும். எங்கே ஆழமாகத் தோண்டினார்கள், எந்தத் துளையை இடம் மாற்றிப் போட்டார்கள், எங்கே தப்பு நடந்தது எல்லாம் தெரியும். என் தொழில் பாஷையில் சொன்னால், முடிந்த துப்பாக்கி ரிலீஸ் ஆன சாஃப்ட்வேர். முடியாத ஃப்ரேம் அதோட கமிட் ஹிஸ்டரி.

டாக்டர் கூல்ட்டும் சம்பளம் கேட்டவரும்

கோல்ட் ஊருக்குத் திரும்பினார். அப்பா கிறிஸ்டோபர் கோல்ட் பணம் கொடுத்தார். ஹார்ட்ஃபோர்டில் ஆன்சன் சேஸ் என்ற துப்பாக்கிக் கொல்லர் இரண்டு மாதிரிகள் செய்தார். ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள். கைத்துப்பாக்கி சுடும்போதே வெடித்துச் சிதறியது. அப்பாவின் பணமும் அதோடு நின்றது.

இப்போ பையன் என்ன செய்தார் பாருங்க. “நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் கூல்ட்” என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். டிக்கெட் போட்டு, மேடையில் ஆட்களுக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது சிரிப்பு வாயு கொடுத்து வேடிக்கை காட்டினார். கப்பல் கூலியாகப் போய்வந்த கல்கத்தா, டாக்டர் பட்டத்துக்கு விலாசம் ஆகிவிட்டது!

அந்த வசூலில் ஒரு பங்கு பால்டிமோர் நகரத்துக்குப் போனது. அங்கே ஜான் பியர்சன் என்ற துப்பாக்கிக் கொல்லர் கோல்டுக்காக முன்மாதிரிகளைச் செய்துகொண்டிருந்தார். சுழலும் துப்பாக்கி என்ற யோசனை கோல்டுக்கு முன்பே இருந்தது. எலிஷா கொலியர் என்பவர் 1818லேயே பிரிட்டனில் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அவர் விற்ற துப்பாக்கிகளில் சிலிண்டரைக் கையால் திருப்ப வேண்டும். கோல்ட் கொண்டுவந்தது, ஹாமரைப் பின்னால் இழுத்தாலே சிலிண்டர் ஒரு இடம் சுழன்று, குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு. சொல்ல ஒரு வரிதான். இரும்பில் செய்து பாருங்க. சிலிண்டர் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் குண்டு குழலுக்குள் நேராகப் போகாது. அந்த ஒரு வரியை இரும்பில் நடக்கவைத்தவர் பியர்சன்.

அந்த முன்மாதிரிகள் சில இன்றைக்கும் இருக்கின்றன. அதே மரத்துண்டுகள் இருக்கும் அத்தீனியத்தில்தான். பியர்சன் எழுதிய கடிதங்களும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது? சம்பளம் வரவில்லை, எப்போது அனுப்புவீர்கள் என்ற கோபம். 1835இல் பிரிட்டனில் காப்புரிமை, 1836 பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவில் காப்புரிமை. இரண்டிலும் கண்டுபிடிப்பாளர் ஒருவர்தான், சாமுவேல் கோல்ட்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். யோசனை கோல்டுடையது, பணம் கோல்டுடையது. ஆனால் அந்த முன்மாதிரிகள் மட்டும் காணாமல் போயிருந்தால், பியர்சன் என்ற பெயரை நானும் நீங்களும் இன்றைக்குப் பேசிக்கொண்டிருப்போமா? ஒரு விவகாரத்தில் ஒரு பக்கத்துச் சாட்சி மட்டும் பிழைத்திருந்தால் எப்படியோ, அப்படித்தான் இருந்திருக்கும்.

ஏன் இவ்வளவு அபூர்வம்?

சரி, தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் ரிவால்வர் செய்தன. அப்போ பாதியில் நின்ற ஃப்ரேம்களும் ஆயிரக்கணக்கில் கிடைக்க வேண்டாமா? கிடைக்காது. நான் இதைப் படிக்கும்போது ரொம்ப ரசித்த இடம் இதுதான். தொழிற்சாலை எதையும் வீணாக்கவில்லை. மிச்சமானது எல்லாமே இன்னொரு துப்பாக்கியாகிவிட்டது.

மூன்று உதாரணம் சொல்றேன்.

ஒன்று. 1836இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் கோல்டின் முதல் கம்பெனி ஆரம்பித்தது. 1842இல் மூடிவிட்டார்கள். மிச்சம் கிடந்த, முடிந்ததும் முடியாததுமான பாகங்கள் கம்பெனியின் பொருளாளர் ஜான் ஏலர்ஸ் கைக்குப் போயின. அவர் அவற்றைப் பூட்டி முடித்து விற்றார். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தனி ரகமாகவே “ஏலர்ஸ் மாடல்” என்றுதான் சொல்கிறார்கள். திவாலான கம்பெனியின் குப்பை, ஒரு மாடல் ஆகிவிட்டது.

இரண்டு. மெக்சிகோ போர் நேரத்தில் கேப்டன் சாமுவேல் வாக்கர் கேட்டதற்கு இணங்க, அரசு 1,000 பெரிய ரிவால்வர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அப்போது கோல்டிடம் தொழிற்சாலையே இல்லை. எலை விட்னி ஜூனியரின் ஆலையில் 1847இல் செய்து கொடுத்தார். மிஞ்சிய பாகங்களை ஹார்ட்ஃபோர்டுக்குக் கொண்டுபோய்ச் சுமார் 240 துப்பாக்கிகள் செய்தார்கள். பாதி பழைய வாக்கர், பாதி புதிய டிரகூன். இரண்டு வெர்ஷனுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பில்டு மாதிரி.

மூன்று. ரோலின் வைட் என்பவர் 1855இல் ஒரு காப்புரிமை வாங்கினார். சிலிண்டரில் பின்பக்கம் வரை முழுதாகத் துளை போட்டு, தோட்டாவைப் பின்னாலிருந்து போடும் முறை. அந்த உரிமை ஸ்மித் அண்ட் வெஸன் கையில் இருந்தது. அதனால் 1869 வரை அமெரிக்காவில் மற்ற கம்பெனிகள் அந்த முறையைத் தொட முடியவில்லை. கோல்ட் ஆலையில் பழைய முறை ரிவால்வர்களின் பாகங்கள் குவிந்து கிடந்தன. காப்புரிமை முடிந்ததும், சார்ல்ஸ் ரிச்சர்ட்ஸ், வில்லியம் மேசன் என்ற இரண்டு பேரின் வடிவமைப்புகளை வைத்து, அந்தப் பழைய பாகங்களையே தோட்டாத் துப்பாக்கிகளாக மாற்றி விற்றார்கள். புது மாடல் 1873இல் வந்தது. சினிமாவில் கௌபாய் இடுப்பில் தொங்குமே, அதுதான். அதற்கு முன் சில வருஷம் கம்பெனியை ஓட்டியதில் இந்தப் பழைய மிச்சங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே ஒரு ஃப்ரேம் முடியாமலே நம் கைக்கு வருகிறது என்றால், அது ஏதோ ஒரு வழியில் தப்பித்து வந்திருக்கிறது. சோதனையில் தோற்று ஓரமாக வைத்தது, மாதிரிக்காகச் சுவரில் மாட்டியது, டூல் ரூம் அலமாரியில் மறந்துபோனது. இன்னொரு வழியும் உண்டு. தொழிலாளி சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனது. அப்படி வெளியே வந்ததற்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் மத்தியில் “டிபன் பாக்ஸ் துப்பாக்கி” என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே இருக்கிறது.

இதற்கு மேல் நெருப்பு வேறு. அன்றைக்கு அமெரிக்காவில் காப்புரிமைக்கு மாதிரியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1836 டிசம்பர் 15 அன்று காப்புரிமை அலுவலகம் எரிந்து, சுமார் 10,000 காப்புரிமை ஆவணங்களும் ஆயிரக்கணக்கான மாதிரிகளும் போயின. 1877இல் மறுபடியும் தீ, சுமார் 87,000 மாதிரிகள் போயின. நடுவில் 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலையே எரிந்தது. கோல்ட் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1862 ஜனவரியில் இறந்துவிட்டார். தொழிற்சாலையைத் திரும்பக் கட்டவைத்தவர் அவர் மனைவி எலிசபெத். கணவரின் சேகரிப்பைக் கடைசிவரை காப்பாற்றி, 1905இல் இறக்கும்போது அத்தீனியத்துக்கு எழுதி வைத்தவரும் அவர்தான். பியர்சன் செய்த இரும்பு இன்றைக்கும் ஒரே இடத்தில் இருப்பதற்குக் காரணம், அவருக்குச் சம்பளம் பாக்கி வைத்தவரின் மனைவி. வரலாறு இப்படித்தான் வேலை செய்கிறது!

பெயரே இல்லாதவர்கள்

பியர்சனுக்காவது கடிதம் மிஞ்சியது. அதுவும் இல்லாதவர்கள்?

1862. அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கிரிஸ்வோல்ட்வில் என்ற சின்ன ஊர். பருத்தி கடையும் இயந்திரம் செய்துவந்த சாமுவேல் கிரிஸ்வோல்ட், தன் ஆலையைத் துப்பாக்கி ஆலையாக மாற்றினார். கோல்டின் 1851 நேவி ரிவால்வரைப் பார்த்துச் செய்த நகல். ஆனால் தெற்கில் இரும்புக்குக் கடும் பஞ்சம். எனவே ஃப்ரேமைப் பித்தளையில் வார்த்தார்கள். தேவாலய மணிகளைக்கூட உலோகத்துக்காகக் கேட்டுவாங்கிய காலம் அது. சிலிண்டருக்கு நல்ல எஃகு கிடைக்காததால் இரும்பை முறுக்கிப் பயன்படுத்தினார்கள். சில சிலிண்டர்களில் அந்த முறுக்குக் கோடுகள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போர் செய்யும் படைக்கு அவர்கள் கையாலேயே துப்பாக்கி செய்யவைத்தார்கள். இரண்டு வருடத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். 1864 நவம்பரில் ஷெர்மனின் படையெடுப்பின்போது வடக்குக் குதிரைப்படை வந்து ஆலையைக் கொளுத்தியது.

இந்தத் துப்பாக்கிகளின் பாகங்களில் வரிசை எண்ணோடு சின்னச் சின்ன எழுத்துக் குறிகளும் உண்டு. எந்தப் பாகம் எதோடு சேரும் என்று பட்டறைக்குள் அடையாளம் வைத்துக்கொள்ள. பாகத்தின் உள்பக்கத்தில் அரத்தின் கோடு இருக்கும். வெளியே தெரியாத இடம் என்பதால் பாலிஷ் போடவில்லை. பெயர் இல்லை, கடிதம் இல்லை. செய்தவரின் கை பட்டதற்கு அந்தத் துப்பாக்கியிலேயே இருக்கும் சாட்சி அந்தக் கோடுகள்தான். ஒரு பித்தளை ஃப்ரேமைப் “பழசு மாதிரி இல்லையே” என்று தேய்த்துப் பளபளப்பாக்கினால் நாம் அழிப்பது அழுக்கை இல்லை.

முடிக்கும் ஆசை

சேகரிப்பு உலகத்தின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 2018இல் ஒரு வாக்கர் ரிவால்வர் ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அப்படியிருக்க, ஒருத்தர் கையில் ஒரு பழைய, எண் குத்தாத ஃப்ரேம் கிடைத்தால் என்ன தோன்றும்? இங்கே ஒரு பேரல், அங்கே ஒரு சிலிண்டர் தேடிப் பூட்டி, ஒரு எண்ணையும் குத்தி, “அபூர்வத் துப்பாக்கி” ஆக்கிவிடலாம். இத்தாலியில் செய்யும் நல்ல நகல்களையே பழசாக்கி விற்றவர்கள் உண்டு. அசல் ஃப்ரேம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் நல்ல சேகரிப்பாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முடியாததை முடிக்காதே. துருவை நிறுத்து, எண்ணெய் போடு, அவ்வளவுதான். எண் இல்லாத பொருளுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டில் வரி இருக்காது. அதனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாற்றைக் காகிதத்தில் எழுதி அதோடு சேர்த்தே வைக்க வேண்டும். காகிதம் போனால் அது வெறும் இரும்பு.

சட்டத்துக்கும் இதே கேள்வி தலைவலி கொடுத்திருக்கிறது. எந்தக் கட்டத்தில் இரும்பு துப்பாக்கி ஆகிறது? அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃப்ரேம் மட்டும் இருந்தாலே அது துப்பாக்கி. 1898 வரை செய்த பழம்பொருட்களுக்கு விலக்கு உண்டு. பாதி முடிந்த ஃப்ரேம்? வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டுகள் பெருகியதால் 2022இல் அதற்கும் விதி வந்தது. அதை ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்ய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் 7க்கு 2 என்று மறுத்துவிட்டது. முடியாத பொருளையும் முடிந்த பொருளின் பெயரால் அழைக்கிறோமா இல்லையா என்றே அந்தத் தீர்ப்பில் விவாதம் ஓடுகிறது. நம்ம ஊர்ப் பக்கம், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் “ஆயுதம்” என்ற வரையறைக்குள் பாகங்களும் வருகின்றன. அதனால் இந்த எபிசோடைக் கேட்டுவிட்டு யாரும் ஆன்லைனில் ஃப்ரேம் தேடிக் கிளம்பிடாதீங்க. அருங்காட்சியகத்தில் பார்ப்பது போதும்.

கடைசியா ஒண்ணு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரு மாட்யூலின் முதல் வடிவத்தை எழுதியது ஒரு கான்ட்ராக்ட் இன்ஜினியர். ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினார். அவர் போன பிறகு, “ஹிஸ்டரி சுத்தமாக இருக்கட்டும்” என்று எல்லா கமிட்களையும் ஒன்றாக நசுக்கி ஒரே கமிட் ஆக்கினோம். ஸ்குவாஷ் மெர்ஜ். அது என் பெயரில் ஏறியது. பட்டனை அழுத்தியது நான்தான். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. பியர்சனின் கடிதங்களைப் பற்றிப் படித்த அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது. அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கோட் ஃபைலின் தலைப்பில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி, இப்போது அங்கே இருக்கும் நண்பரிடமும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

உங்க வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். தாத்தா பாதி ராவி விட்ட ஒரு சாவி, கடைசலுக்குப் போட்டுப் பாதியில் நின்ற கட்டில் கால், அம்மா முடிக்காத எம்பிராய்டரி. அதைச் சுத்தம் பண்ணுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து, பின்னால் செய்தவர் பெயரை எழுதி வைங்க. எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.